நாலு விநாடி

செவ்வாய்க்கிழமை அந்தக் குழாயை மாற்றியவன் நான்தான்.
ஒழுகிக்கொண்டிருந்தது. முழங்காலிட்டுப்
பெட்டிகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன்.
அளவான துண்டு கிடைக்கவில்லை.
நாற்பது சென்டிமீட்டர் கூடுதலாக இருந்ததைச்
சுருட்டி மாட்டினேன். ஒழுகல் நின்றது.
பதிவேட்டில், குழாய் மாற்றம்.
இரண்டே சொல். நீளத்தை எழுதவில்லை.

வியாழனன்று டெப்ரெட்சனில் பனி.
டிராம் ஊர்ந்து வந்தது. எமோக்கே
ஈரத் தொப்பியோடு வந்து திரைமுன் அமர்ந்தாள்.

ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள்.
மேலே புறஊதா டிடெக்டர்:
வளையமுள்ள மூலக்கூறு வந்தால் தலை நிமிரும்,
மற்றவை கடந்துபோனால்
காணாததுபோல் படுத்திருக்கும்.
கீழே துகள் டிடெக்டர்:
கரைப்பானை ஊதிக் காயவைத்து
மிஞ்சும் தூசுக்கு மின்னேற்றி எண்ணும்.
வளையமா வாலா என்று அது கேட்பதில்லை.

முதல் வாசலைத் தாண்டிய துளி
இரண்டாம் வாசலுக்கு வர ஆறரை விநாடி.
அந்த இடைவெளியை மென்பொருளிடம் சொல்லிவைத்திருந்தோம்:
பூச்சியம் புள்ளி ஒன்று ஒன்று நிமிடம், கழித்துக்கொள்.
அதுவும் கழித்துக்கொண்டிருந்தது,
குழாய் நீண்டது தெரியாமல்.

ஏழு புள்ளி நாலு இரண்டில்
கீழ்க்கோட்டில் ஒரு சின்ன முகடு.
அதன் தலையில் மென்பொருள் எழுதியிருந்தது: மாசு சி.
புள்ளி இரண்டு இரண்டு சதவீதம்.
சி-க்குப் புள்ளி மூன்றுவரை அனுமதி உண்டு.
பச்சையில் ஒரு சொல்: தேறியது.

"சிலார்த், சி-க்கு வளையம் உண்டுதானே?"
உண்டு, என்றேன்.
"அப்படியானால் மேலே ஏன் பேச்சுமூச்சே இல்லை?"

இழுத்துப் பெருக்கினாள். மேல்கோடு
பனிக்கால ஹோர்டோபாஜ் வெளிபோல்
தட்டையாகக் கிடந்தது.
ஒரு நாரை நின்ற தடம்கூட இல்லை.

விளக்கைக் குறை சொன்னேன்.
பிறகு அடிக்கோட்டை.
பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன்,
முகட்டின் காலை அவள் வெட்டிய இடத்தை.
அவள் பதில் பேசாமல் எழுந்துபோய்
பெட்டிகளின் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
பாம்புக்குட்டிபோல் சுருண்டிருந்த என் குழாயை
ஒரு விரலால் தொட்டாள்.
"இது எப்போது?"

காஃபீன் செலுத்தினோம்.
இரு வாசலிலும் முகம் தெரிந்த ஆள்.
மேலே அது வந்து போனது. கீழே வரும்வரை
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.
பூச்சியம் புள்ளி ஒன்று எட்டு.
கூடுதலாக நாலு விநாடி. அத்தனையும் என்னுடையவை.

புதிய எண்ணைத் தட்டினாள்.
மாற்றத்துக்குக் காரணம்? என்றது மென்பொருள்.
'குழாயின் நீளம்' என்று எழுதினாள்,
யார் மாட்டியது என்று எழுதவில்லை.
விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன்.
என் கடவுச்சொல்லில் நுழைந்து
கீழே ஒரு வரி சேர்த்தேன்.

மறுகணக்கு ஓடியது.
கீழ்க்கோடு முழுவதும் இடப்பக்கம் நகர்ந்தது,
யாரோ மேசையைத் தள்ளிப்போட்டதுபோல்.
பெரிய முகடுகளுக்குச் சாளரம் அகலம்;
அவற்றின் பெயர்கள் இரண்டு கணக்கிலும் தப்பின.
இப்போது மேலிருப்பவற்றுக்கு நேர்கீழே போய் நின்றன.
அந்தச் சின்னது மட்டும்
ஏழு புள்ளி மூன்று ஐந்தில்,
தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல்.

சி அங்கே இருந்ததே இல்லை.

பெயர் போனதும் சலுகையும் போயிற்று.
பெயரில்லாததற்குப் புள்ளி ஒன்றுதான் எல்லை.
ஒரு துகள் கூடவில்லை, குறையவில்லை,
அதே புள்ளி இரண்டு இரண்டு.
சிவப்பு.

கீழே லாரி புகைவிட்டபடி காத்திருந்தது.
ஜோம்போரை அழைத்தேன், ஏற்றாதே என்று.
"எவ்வளவு பிசகு?"
நாலு விநாடி.
சிரித்தான். நான் சிரிக்காததைக் கேட்டான்.
அப்புறம் மறுமுனையில்
இன்ஜின் அணைந்தது.

வராந்தாவில் எமோக்கே பையைத் திறந்து
ஆறிப்போன பொகாச்சாவைப் பிட்டுப்
பாதி கொடுத்தாள்.
"வளையமில்லை. சர்க்கரையாக இருக்குமோ?"
மென்றாள்.
"இல்லை, ஏதோ கொழுப்பு."
மறுபடி மென்றாள். எனக்குத் தெரியவில்லை.
உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்து
செவ்வாய்க்கிழமைக்குக் கீழே,
இன்றைய தேதியிட்டு,
நாற்பது சென்டிமீட்டர் என்று எழுதினேன்.